காலி பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டு: அரிசோனா மலைப்பாதைக் குழு ஒன்றில் நடந்த நிகழ்வு

எட்டு நாள் பணிச்சுற்று ஒன்றின் மூன்றாம் நாளில் இது நடந்தது. குழுவை நடத்தியது நான். முதல் தவறும் என்னுடையது என்பதால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: உடம்பில் தண்ணீர் மிஞ்சிப்போன ஒருவருக்கு, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு லிட்டர் கொடுத்தேன்.

ஆட்களின் பெயர், அமைப்பின் பெயர், பள்ளத்தாக்கின் பெயர், ஆண்டு எதையும் குறிப்பிடவில்லை. பாதிக்கப்பட்ட பெண் இதன் முதல் வடிவத்தைப் படித்தார், இரண்டு இடங்களைத் திருத்தினார், வெளியிடச் சம்மதித்தார். நேரங்கள் எல்லாம் துணைத் தலைவரின் குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை. என் நினைவை நம்பவில்லை. அன்றைக்கு நடந்ததை அது எனக்குச் சாதகமாகவே அடுக்கி வைத்திருந்தது.

பின்னணி

அமெரிக்காவில் இளைஞர்களைக் காட்டுக்கும் மலைக்கும் அனுப்பிப் பாதை போடவைக்கும் வழக்கம் பெரிய அளவில் வந்தது 1933இல். பெருமந்தத்தின் நடுவே அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர், 1942 வரை ஏறத்தாழ 30 லட்சம் இளைஞர்களுக்கு வேலை கொடுத்தது. மாதச் சம்பளம் 30 டாலர், அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். கிராண்ட் கேன்யனின் அடியில் கொலராடோ ஆற்றை ஒட்டி, பாறையைக் குடைந்து போட்ட ரிவர் டிரெயில் அவர்கள் கைவேலை. 1936இல் முடிந்த அந்தப் பாதையில் இன்றும் ஆட்கள் நடக்கிறார்கள்.

இப்போது இருப்பவை மாநில அரசுகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் பல சிறு படைகள். சேர்பவர்கள் பெரும்பாலும் 18 முதல் 25 வயதுக்குள். கலிபோர்னியாவில் 1976இல் தொடங்கிய படை, 'கடும் உழைப்பு, குறைந்த சம்பளம், மோசமான சூழல், இன்னும் பல' என்பதைத் தன் முழக்கமாகவே வைத்திருக்கிறது. வேடிக்கைதான். ஆனால் அந்த வேடிக்கைக்குள் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது: இங்கே வந்தால் முனகக் கூடாது. நான் வேலை பார்த்த எல்லாக் குழுக்களிலும் அந்த ஒப்பந்தம் இருந்தது, யாரும் எழுதி வைக்காமலேயே.

பல படைகள் அமெரிகார்ப்ஸ் என்ற அமெரிக்க அரசின் சேவைத் திட்டத்தின் கீழ் ஆட்களை எடுக்கின்றன. அதில் கணக்கு மணி நேரத்தில். முழுப்பணி என்றால் 1,700 மணி, அரைப்பணி என்றால் 900 மணி. மணிகளை முடித்தால் வாரப்படி போக, படிப்புக்கு ஒரு கல்வித்தொகையும் கிடைக்கும். முழுப்பணிக்கான தொகை, வசதி குறைந்த கல்லூரி மாணவர்களுக்கு அரசு தரும் பெல் உதவித்தொகையின் அந்த ஆண்டு உச்ச அளவுக்குச் சமம். கல்லூரிக்குப் பணமில்லாத பிள்ளைகளுக்கு இது பெரிய தொகை. இந்த நிகழ்வில் அந்த மணிக்கணக்கு எங்கே வந்து நின்றது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் எட்டுப் பேர். நானும் துணைத் தலைவரும், 19 முதல் 24 வயதுக்குள் ஆறு உறுப்பினர்களும். இடம் வட அரிசோனாவில் ஒரு பள்ளத்தாக்கின் உட்சரிவு. முந்தைய ஆண்டு மழைவெள்ளத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவின் தடுப்புச் சுவர் பதினான்கு மீட்டருக்குச் சரிந்திருந்தது. அதைக் காரை இல்லாமல், வெறும் கல்லை அடுக்கிக் கட்ட வேண்டும். 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்துக்கு உட்பட்ட பகுதி என்பதால் மோட்டார் வைத்த எந்தக் கருவிக்கும் அனுமதி இல்லை. கடப்பாரை, சம்மட்டி, உளி, மண்வெட்டி, அப்புறம் கோடரியும் கொத்தும் ஒரே தலையில் சேர்ந்த புலாஸ்கி. அவ்வளவுதான். ஒரு கல்லைப் பொருத்த இரண்டு பேருக்கு அரைமணி ஆவதும் உண்டு.

முகாமிலிருந்து வண்டி வரும் பாதைக்கு 13 கிலோமீட்டர், அதில் 900 மீட்டர் ஏற்றம். ஓடைத் தண்ணீரை வடிகட்டி, இருபது லிட்டர் கேன்களில் வேலையிடத்துக்குச் சுமந்து வந்தோம். மாதம் ஜூன். பருவமழை இன்னும் வரவில்லை. காற்று அவ்வளவு வறண்டிருக்கும், வியர்வை தோலில் நிற்காது. சட்டையில் உப்புக் கோடு விழுந்த பிறகுதான் வியர்த்ததே தெரியும்.

தண்ணீர் விதி எப்படி வந்தது

அதற்கு முந்தைய பணிச்சுற்றில் ஓர் இளைஞருக்கு வெப்பத் தளர்ச்சி வந்தது. காலை முழுவதும் அரை பாட்டில்தான் குடித்திருந்தார். நிழலில் படுக்கவைத்து, தண்ணீரும் உப்பும் கொடுத்ததும் சரியாகிவிட்டார். நான் சரியாகவில்லை. அந்தப் பயத்தோடுதான் அடுத்த சுற்றுக்கு வந்தேன்.

முதல் நாள் காலைப் பேச்சில் ஒரு விதி போட்டேன். மணிக்குக் குறைந்தது ஒரு லிட்டர். ஒவ்வொரு இடைவேளையிலும் காலி பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். குறைந்தது எவ்வளவு என்று சொன்னேனே தவிர, இதற்கு மேல் போகாதே என்று சொல்லவில்லை. அப்படி ஒரு அளவு இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமலும் இல்லை. முதலுதவிப் பயிற்சியில் படித்ததுதான். வெயிலில் வேலை செய்பவர்கள் மணிக்கு ஒன்றரைக் குவார்ட், அதாவது ஏறத்தாழ 1.4 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்கிறது. அந்த வரியை நான் படித்துவிட்டுக் கடந்திருந்தேன். பாலைவனத்தில் யார் அதிகமாகக் குடிக்கப் போகிறார்கள் என்ற எண்ணம்.

இளைஞர்கள் எதையும் விளையாட்டாக்கிவிடுவார்கள். இரண்டாம் நாள் மதியத்துக்குள் பாட்டில் கவிழ்ப்பது போட்டியாகிவிட்டது. இருபது வயதுப் பையன் ஒருவன் சரிந்த பாறை ஒன்றில் கரிக்கட்டையால் பெயர்களை எழுதி, பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டு வந்தான். யாருடைய கோடு அதிகம் என்று கைதட்டல். குழு கலகலப்பாக இருக்கிறதே என்று எனக்கு மகிழ்ச்சி. அந்தக் கோடுகளில் எனக்கும் ஒரு வரிசை இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. முதல் நாள் காக்கைகளும் அணில்களும் வேலையிடத்தில் வைத்திருந்த தின்பண்டப் பையைக் கிழித்துப் பாதியைத் தின்றுவிட்டன. உப்புக் கடலை, சிப்ஸ், பிரெட்ஸல் எல்லாம் அந்தப் பையில்தான். மிச்சத்தை முகாமிலேயே தகரப் பெட்டியில் பூட்டி வைக்கச் சொன்னேன். காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே ஆறு மணி நேரம் உப்புத் தின்பண்டம் எதுவும் கைக்கு எட்டாதபடி ஆனது இப்படித்தான். காக்கைப் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் அப்போது நினைத்தேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் நடவுக்குப் போகிறவர்கள் தூக்குவாளியில் உப்புப் போட்ட நீச்சத்தண்ணியும் மோரும் கொண்டுபோவார்கள். வெறும் தண்ணீரைக் குடத்தோடு குடித்துவிட்டு வெயிலில் நின்றவர்களை நான் பார்த்ததில்லை. இது அன்றைக்கு என் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

மூன்றாம் நாள்: கண்டவை

காலை 5 மணிக்கு வேலை தொடங்கியது. அந்தப் பெண்ணுக்கு வயது 19. குழுவிலேயே சிறிய உடல்வாகு, ஐம்பது கிலோ சுமார். சொன்னதைச் சொன்னபடி செய்வார், அதனாலேயே எனக்குப் பிடித்த உறுப்பினர். பாறையில் அவருடைய கோடுகள்தான் அதிகம்.

மணி 9:50. வழக்கமாகப் பாடிக்கொண்டே சல்லி நிரப்புகிறவர் பேசாமல் இருந்தார். எப்படி இருக்கே என்றேன். நல்லா இருக்கேன் என்றார். லேசாகத் தலைவலி என்று அப்புறம் சேர்த்துக்கொண்டார். நிழலில் உட்காரச் சொல்லி ஒரு பாட்டில் தண்ணீரை நானே நீட்டினேன். முழுவதையும் குடித்தார். கவிழ்த்தும் காட்டினார்.

10:35க்கு வாந்தி. வந்தது ஏறத்தாழ வெறும் தண்ணீர்தான். நிழலிலேயே 38 டிகிரி இருந்தது. வெப்பத் தளர்ச்சி என்று என் மனம் முடிவு கட்டிவிட்டது. போன சுற்றில் பார்த்ததையே இந்தச் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் ஈரத்துணி போட்டேன், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடி என்றேன்.

11:05க்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணைத் தலைவர் அந்தப் பெண்ணுடைய கையுறையைக் கழற்ற முயன்றார். வரவில்லை. இழுத்துக் கழற்றியபோது விரல்கள் உப்பியிருந்தன. கைக்கடிகாரப் பட்டை தோலில் பதிந்து பள்ளமாகிவிட்டது. துணைத் தலைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, காலையிலிருந்து இவள் சிறுநீர் கழிக்கப் போனாளா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கூட வேலை செய்த இன்னொரு பெண்தான் சொன்னார்: நாலு தடவை, ஐந்து தடவை இருக்கும், அதைச் சொல்லித்தான் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம் என்று.

உடல் வெப்பத்தைப் பார்த்தோம். 37.2. நாடித்துடிப்பு 84. தோல் சூடாக இல்லை, நாக்கு ஈரமாக இருந்தது. பாறையில் இருந்த கோடுகளை எண்ணினோம். நான் கொடுத்ததையும் சேர்த்து ஆறு மணி நேரத்தில் பத்து லிட்டர்.

முடிவுகளும் காரணங்களும்

இரத்தத்தில் சோடியம் குறைவதை ஹைப்போநெட்ரீமியா என்பார்கள். லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இயல்பு. வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்கும்போது வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் அந்த அளவு சரிகிறது. சிறுநீரகம் மிச்சத் தண்ணீரை வெளியே தள்ளிவிடாதா என்றால், கடும் உழைப்பின்போது உடல் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. அதனால் வெளியேற்றும் வேகம் குறைகிறது. மிஞ்சிய தண்ணீர் செல்களுக்குள் போகும். மற்ற இடங்கள் வீங்கலாம், இடமிருக்கிறது. மண்டையோட்டுக்குள் மூளைக்கு இடமில்லை. தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று போவது அதனால்தான். இது அபூர்வமான ஒன்றும் இல்லை. கிராண்ட் கேன்யனில் நடைபயணிகளிடம் 1990களிலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது.

சிக்கல் என்னவென்றால், தலைவலியும் குமட்டலும் சோர்வும் இரண்டு நிலைக்கும் பொது. துணைத் தலைவர் தண்ணீரை உடனே நிறுத்த வேண்டும் என்றார். நான் தயங்கினேன். வெயிலில் விழுந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் சொன்ன கணக்குதான் என்னை அசைத்தது. நாம் நினைப்பது தப்பாக இருந்து, இவளுக்கு உண்மையில் நீர்ச்சத்துதான் குறைவென்றால், நிழலில் ஒரு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்து இவள் சாக மாட்டாள். நாம் நினைப்பது சரியாக இருந்து தண்ணீரைத் தொடர்ந்தால் சாகலாம். இந்த இரண்டில் எந்தத் தவறைச் செய்ய விரும்புகிறாய் என்றார்.

11:20க்குத் தண்ணீரை நிறுத்தினோம். விழுங்க முடிகிறது, பேசுகிறார் என்பதை உறுதி செய்துகொண்டு, சமையல் பெட்டியில் இருந்த சூப் கட்டிகள் மூன்றை அரைக் கோப்பை வெந்நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். கரைசல் கெட்டியாக இருக்க வேண்டும். அதை நீர்த்துப்போகச் செய்தால் மறுபடியும் தண்ணீர் கொடுத்த கதைதான். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார்.

அப்போது என் திட்டம், மாலை வரை பார்த்துவிட்டு வெயில் தாழ்ந்ததும் நடத்தியோ குதிரை கேட்டோ மேலே கொண்டுபோவது. 12:10க்கு அது மாறியது. இன்று என்ன கிழமை என்று கேட்டதற்குத் தப்பாகச் சொன்னார். காலை முழுவதும் கூட வேலை செய்த பெண்ணின் பெயர் வரவில்லை. இந்த இடத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை. குழப்பம் தொடங்கிவிட்டால் காத்திருக்கக் கூடாது. அந்த இடத்தில் வைத்து எங்களால் செய்யக்கூடியது சூப்போடு முடிந்தது.

செயற்கைக்கோள் கருவியில் நான் தட்டிய முதல் செய்தி மோசமானது. 'வெயிலால் உடல்நிலை சரியில்லை, உதவி தேவை' என்று எழுதினேன். அனுப்பும் முன் துணைத் தலைவர் வாங்கித் திருத்தினார்: '19 வயதுப் பெண். ஆறு மணி நேரத்தில் 10 லிட்டர் தண்ணீர். வாந்தி, விரல் வீக்கம், இப்போது குழப்பம். உடல் வெப்பம் 37.2. சோடியம் குறைவு என ஐயம். நடக்க முடியாது.' தண்ணீர் அளவு இரண்டாவது வாக்கியத்திலேயே இருந்தது. பின்னால் இதுதான் பெரிதாக உதவியது. வெயிலில் விழுந்தவர் என்று மட்டும் சொல்லியிருந்தால், வருகிறவர்கள் வழக்கமான சலைன் பையைத் தயாராக எடுத்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

ஹெலிகாப்டர் 1:55க்கு வந்தது. அதற்குள் மற்ற உறுப்பினர்கள் கீழே ஓடைத்திட்டில் சமதளமான இடத்தைப் பார்த்து, பறக்கக்கூடிய தார்ப்பாய், தொப்பி எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்கள். நால்வர் அவரைச் சுமந்து போனார்கள். வலிப்பு வரவில்லை. வரும் என்று நினைத்துக்கொண்டே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அன்று மாலை

ஹெலிகாப்டர் போனதும் எல்லோருடைய விரல்களையும் பார்த்தோம். இன்னும் இருவருக்கு வீக்கம் இருந்தது. ஒருவருக்குக் காலையிலிருந்து குமட்டல், சொல்லவில்லை. அவர்களுக்கும் தண்ணீரை நிறுத்திச் சிப்ஸ் கொடுத்தோம். வேலை நின்றது. கரிக்கோடு போட்ட பையன் ஒரு ஈரத்துணியை எடுத்துப்போய்ப் பாறையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கரி போகவில்லை, பரவத்தான் செய்தது. அவன் அழுவதைப் பார்த்து நான் பக்கத்தில் போனேன், என்ன சொல்வதென்று தெரியாமல் நானும் தேய்த்தேன். அந்தப் போட்டியை நிறுத்தியிருக்க வேண்டியவன் நான், அவனுக்கு அதில் பங்கில்லை என்று சொல்ல எனக்கு மறுநாள் வரை ஆனது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வட்டமாக உட்கார்ந்து, இன்று காலை அவளிடம் நீங்கள் என்ன கவனித்தீர்கள் என்று மட்டும் கேட்டோம். யார் தப்பு என்ற பேச்சே வேண்டாம் என்று முதலில் சொல்லிவிட்டோம். அடிக்கடி ஒதுங்கப் போனதை ஒருவர் கவனித்திருந்தார். முழங்கால் வலிக்கு அந்தப் பெண் தன் சொந்தப் பையிலிருந்து மூன்று நாளாக ஐபுப்ரூஃபன் போட்டுக்கொண்டிருந்தது இன்னொருவருக்குத் தெரியும். அந்த வகை வலி மாத்திரைகள் உடல் தண்ணீரைப் பிடித்து வைப்பதைக் கூட்டக்கூடியவை. காலையில் அவர் தன் பங்குக் கடலையைப் பக்கத்துக் கூடாரத்துப் பையனுக்குக் கொடுத்துவிட்டதாக அந்தப் பையனே சொன்னான். உப்புத்தூள் கலந்த தண்ணீரின் ருசி பிடிக்காமல் அந்தப் பெண் அதைக் கொட்டியதை ஒருவர் பார்த்திருந்தார். தலைவலி முதல் நாள் இரவே இருந்ததாகக் கூடாரத் தோழிக்குத் தெரியும்.

எட்டுப் பேர் கொண்ட முகாமில் இவ்வளவும் தெரிந்திருந்தது. ஆளுக்கு ஒரு துண்டு. ஒரே ஆளிடம் இரண்டு துண்டுகூடச் சேரவில்லை. தலைவரான என்னிடம் ஒன்றுமே இல்லை. நான் ஒருவர் தவறாமல் எல்லோரிடமும் தினமும் 'எப்படி இருக்கே' என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். 'நல்லா இருக்கேன்' என்பதைத் தவிர வேறு பதில் வராத கேள்வி அது.

மருத்துவமனையும் அவர் சொன்னதும்

மருத்துவமனையில் எடுத்த முதல் சோடியம் அளவு 122. சாதாரண சலைனை விட அடர்த்தியான 3 விழுக்காட்டு உப்புநீரை 100 மில்லி லிட்டர் அளவில் ஏற்றினார்கள். இரண்டாவது முறைக்குப் பிறகு குழப்பம் தெளிந்ததாம். மறுநாள் மாலை 133. மூன்றாம் நாள் வெளியே வந்தார். பின்விளைவு எதுவும் இல்லை.

பத்து நாள் கழித்து நேரில் பார்த்தபோது நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, குழம்பிப்போயிருந்தார். நீங்கள் சொன்னதைத்தானே செய்தேன், அப்புறம் எப்படி இப்படி ஆனது என்று கேட்டார். அதற்கு நேர்மையான பதில், சொன்னதைச் செய்ததால்தான் ஆனது என்பது. அதைச் சொன்னேன்.

தலைவலியை ஏன் மறைத்தாய் என்று கேட்டபோதுதான் மணிக்கணக்கு வந்தது. அவர் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள். 900 மணி முடித்தால் வரும் கல்வித்தொகையை முதலாண்டுக் கட்டணத்துக்கு எழுதி வைத்திருந்தார். நோய் என்று வெளியே போனால் மணிகள் எல்லாம் போய்விடும், தொகையும் போய்விடும் என்று நினைத்திருக்கிறார். உண்மையில் மருத்துவக் காரணத்தால் விலக நேர்ந்தால், பணிக்காலத்தில் 15 விழுக்காடாவது முடித்திருக்கும் பட்சத்தில், செய்த மணிக்கேற்ற பங்குத்தொகை கிடைக்க வழி உண்டு. அவர் அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருந்தார். சேரும்போது கொடுத்த காகிதக் கட்டில் அந்த வரி எங்கோ இருந்தது. யாரும் வாயால் சொல்லவில்லை, நானும்தான்.

அவர் திருத்திய இரண்டு இடங்களில் ஒன்று இது: நான் 'பயந்து மறைத்தார்' என்று எழுதியிருந்தேன். 'பயமில்லை, கணக்குப் போட்டேன்' என்று மாற்றச் சொன்னார். சரிதான். தெரிந்த தகவலை வைத்துப் பார்த்தால் அவர் போட்ட கணக்கு சரியான கணக்குதான், தகவல்தான் தவறு.

பின்னர் மாற்றியவை

பாட்டில் கவிழ்ப்பது போனது. தாகம் எடுக்கும்போது குடி, வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது வெறுமனே குடிக்காதே, மணிக்கு 1.4 லிட்டரை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டாதே என்பது புது விதி. அந்த உச்ச அளவுகூட எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. எண்பது கிலோ ஆளுக்கும் ஐம்பது கிலோ ஆளுக்கும் வியர்வை ஒன்றா? சிறிய உடல்வாகு உள்ளவர்களிடம் இதைத் தனியாகச் சொல்கிறோம்.

தின்பண்டம் மறுபடியும் வேலையிடத்துக்கு வந்தது, இந்த முறை மூடி திருகும் வாளியில். ஒவ்வொரு இடைவேளையும் வாயில் எதையாவது போட்டுக்கொண்டுதான் தொடங்கும். உப்புத்தூள் பிடிக்காதவர்களுக்கு ஊறுகாய் வெள்ளரி வைத்தோம். அதை எல்லோரும் தின்றார்கள்.

'எப்படி இருக்கே' என்பதை நான் விட்டுவிட்டேன். இடைவேளையில் கேட்பது: எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனே, என்ன நிறம், கையுறை சுலபமா கழலுதா, என்ன மாத்திரை போட்டிருக்கே. முதல் இரண்டு நாள் சிரிப்பார்கள், கூச்சப்படுவார்கள். மூன்றாம் நாளிலிருந்து அவர்களே வந்து சொல்வார்கள். அதோடு, பக்கத்தில் வேலை செய்பவரைப் பற்றி ஒன்று சொல்லு என்றும் கேட்கிறேன். இதுவே அதிகம் பயன்பட்டது. தன்னைப் பற்றி வாய் திறக்காத பிள்ளைகள் தோழனைப் பற்றித் தயங்காமல் சொல்கிறார்கள்.

சொந்த மாத்திரைகளைக் குழுவின் முதலுதவிப் பெட்டி ஏட்டில் எழுதிவிட்டுப் போடச் சொன்னோம். இதற்கு எதிர்ப்பு வந்தது, நியாயமான எதிர்ப்பு. எல்லா மாத்திரையையும் குழுத் தலைவரிடம் சொல்ல யாருக்கும் கடமை இல்லை. கடைசியில் வலி மாத்திரை மட்டும் என்று சுருக்கினோம். மணிக்கணக்கு, மருத்துவ விலகல் விதி இரண்டையும் பயணத்துக்கு முந்தைய நாள் வாயால் விளக்குகிறோம்.

எனக்கு இன்னும் தீராத ஒன்று உண்டு. புது விதியோடு போன இரண்டாவது சுற்றில், ஒரு பையன் தாகம் இல்லை என்று சொல்லிக் காலையிலிருந்தே சரியாகக் குடிக்கவில்லை. அப்புறம் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனது. மறுபடியும் பழைய பயம் வந்து, கை தானாகப் பாட்டிலை நோக்கிப் போனது. முதலில் விரலைப் பார்த்தேன். வீக்கம் இல்லை. எத்தனை தடவை போனாய் என்றேன், ஒரு தடவை என்றான். உடல் வெப்பம் 38.1. அவனுக்குத் தண்ணீரும் கடலையும் கொடுத்தோம். வேலையை அன்று பத்தரைக்கே நிறுத்தினோம். ஜூன் மாதத்தில் அந்தச் சரிவில் பத்தரைக்கு மேல் கல் தூக்கவே கூடாது என்பது என் கருத்து. இடத்தை நிர்வகிப்பவர்களுக்கு அது சம்மதமில்லை. பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பெண் எங்கள் குழுவுக்குத் திரும்பவில்லை. மிச்ச மணிகளை நாற்றங்காலில், உள்ளூர்ப் புல் விதை பிரிக்கும் வேலையில் நவம்பருக்குள் முடித்தார். அவர் சல்லி நிரப்பிக்கொண்டிருந்த மூன்று மீட்டர் சுவரை இலையுதிர்காலத்தில் வேறொரு குழு வந்து கட்டியது.